இருபதுக்குப் பதின்மூன்று

1971 மார்ச் மாதம். மான்ட்ரியலில் பனி கரைந்து நடைபாதையெல்லாம் சேறாகக் கிடந்த சமயம். நகரத்தின் நடுவில் இருக்கும் ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில், மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு வேலை. வயது இருபத்தொன்பது. வெளிநாட்டிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் படித்து, சேர்க்கலாமா கூடாதா என்று முதல் குறிப்பு எழுதுகிறவள் நான்தான். அந்தக் குறிப்பைப் பெரும்பாலும் யாரும் மாற்றமாட்டார்கள். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த மேஜைக்கு நான் வந்ததே ஒரு கதை. 1968-இல் என் கணவருக்கு மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் இருக்கும் புவாண்ட்-கிளேரில் ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். நான் திருச்சியில் கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவள். இங்கேயும் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கலாம் என்று சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போனால், அவற்றை எடைபோடும் அலுவலகத்தில் இருந்தவர் ஐந்து நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு, என் எம்.எஸ்சி. இங்கத்திய பி.எஸ்சி.க்கே ஒரு வருஷம் குறைவு என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவில் நாங்கள் ஒரு வருஷம் படிக்கும் பி.யூ.சி. என்றால் என்ன என்று அவர் கேட்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை நான்.

பிறகு இந்தப் பல்கலைக்கழகத்தில் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இந்தியாவிலிருந்து வரும் மார்க் ஷீட்டுகளை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அறுபது சதவீதம் என்று பார்த்ததும் சுமாரான மாணவன் என்று ஒதுக்கிவிடுவார்கள். நம்மூரில் அறுபது வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நான் ஒரு சீட்டு எழுதி ஃபைலில் செருகினேன். அது என் மேலதிகாரியின் கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் வந்த, ஓய்வு பெற நாலு வருஷமே மீதியிருந்த, கண்டிப்பான பெண்மணி அவர். ஆறு மாதத்தில் இந்தியா, பாகிஸ்தான், சிலோன் மட்டுமல்லாமல் ஹாங்காங், மேற்கிந்தியத் தீவுகள், ஆப்பிரிக்கா எல்லாமே என் மேஜைக்கு வந்துவிட்டன. துணைக்கு ஒரு தடிமனான கையேடு. ஒவ்வொரு நாட்டுக்கும் சில பக்கங்கள். ஒரு ஃபைலைப் பத்து நிமிஷத்தில் முடிப்பேன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது.

விண்ணப்பம் கேமரூன் நாட்டுப் பெண் ஒருவருடையது. வயது இருபத்தேழு. ஊரில் மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். நான்கு வருஷக் கணிதப் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர விரும்பினார். சான்றிதழ்கள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. பள்ளிக் கடைசிப் பரீட்சையில் இருபதுக்குப் பதின்மூன்று. கணக்குப் போட்டால் அறுபத்தைந்து சதவீதம். இரண்டாம் வருஷத்துக்கு எழுபத்தைந்து வேண்டும். பக்கத்தில் 'அஸே பியான்' என்று எழுதியிருந்தது. அகராதியைப் பார்த்தேன். 'ஓரளவு நன்று' என்று புரிந்துகொண்டேன். இன்னொரு தாளில் 'ப்ரொபட்வார்' என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. ஆங்கிலத்தில் 'ப்ரொபேஷன்' என்றால் தகுதி போதாதவர்களைச் சோதனை முறையில் சேர்த்துக்கொள்வது. இதுவும் அதேதான் என்று முடிவுகட்டினேன். சோதனை முறையில் வகுப்பில் விடப்பட்ட, சுமாரான மார்க் வாங்கிய மாணவி. சேர்க்க முடியாது என்று எழுதி, கீழே என் முதலெழுத்துகளைப் போட்டேன். கடிதம் போய்விட்டது.

நாலாவது நாள் காலையில் அந்தப் பெண்ணே கவுண்ட்டருக்கு வந்துவிட்டார். உயரமானவர். ஆண்கள் போடும் பெரிய கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். கையில் என் கடிதம்.

"இந்த ஃபைலைப் படிச்சவர் யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்.

நான்தான் என்றேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. ப்ரொபட்வார் என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கிட்டீங்க, மேடம்?" என்றார். நான் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, கவுண்ட்டரிலேயே வைத்து எழுத ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சுருக்கிச் சொல்கிறேன். கேமரூன் முதலில் ஜெர்மானியர்களிடம் இருந்தது. முதல் உலகப் போரில் அவர்கள் தோற்றதும், பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பகுதியையும் ஆங்கிலேயர்கள் மேற்கில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய பெரியப்பா இன்றும் ஜெர்மன் மொழியில்தான் எண்ணுவாராம். அப்பா பிரெஞ்சில். மேற்கே திருமணமாகிப் போன அத்தையின் பிள்ளைகள் ஆங்கிலத்தில். சுதந்திரம் வந்து, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நாடான பிறகும் பள்ளிக்கூடங்கள் சேரவில்லை. கிழக்கே பிரெஞ்சு முறை, மேற்கே ஆங்கில முறை. மேற்கே மாணவர்கள் எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறி லண்டனுக்குத் திருத்தப் போகும். கிழக்கே பாடப்புத்தகம் பாரீஸிலிருந்து வரும். தங்கள் சொந்த நாட்டின் சரித்திரத்தைச் சின்ன வயசில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் படித்ததில்லை. ஆளுக்கொரு வெளிநாட்டுச் சரித்திரத்தைத்தான் படித்தார்கள்.

"ப்ரொபட்வார் ஒரு பரீட்சை, மேடம். கடைசி வகுப்புக்கு முந்தின வருஷம் எழுதணும். அதுல தேறினாத்தான் கடைசி வகுப்புக்குள்ள விடுவாங்க. என் வகுப்புல பாதிப் பேருக்கு மேல அங்கேயே நின்னுட்டாங்க. கணிதப் பிரிவுல தேறின பெண் நான் ஒருத்திதான். பதின்மூணு மார்க்கைக் குறைச்சல்னு எழுதியிருக்கீங்க. அந்த வருஷம் எங்க பள்ளியில யாருமே பதினஞ்சைத் தொடலை."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கையேட்டில் உள்ளபடிதான் செய்தேன் என்றேன். தன் நாடு அதில் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். கேமரூனுக்கு அரைப் பக்கம் இருந்தது. அதைப் படித்துவிட்டு, "இது மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். நான் படிச்சது இதுல இல்லை" என்றார்.

அவர் என் மொழி பேசாதவர். நான் போகாத தேசத்துக்காரர். ஆனால் ஒரு நாட்டுக்குள் இரண்டு மொழி என்று அவர் சொன்னது எனக்குப் புரியாத விஷயமா என்ன? 1965-இல் திருச்சியில் மாணவர்கள் மொழிக்காகத் தெருவில் இறங்கியதைக் கல்லூரி மாடியிலிருந்து பார்த்தவள் நான். தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, பி.யூ.சி. முதல் நாள் ஆங்கிலத்தில் நடந்த பாடம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தவள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், முடிவு போய்விட்டது, அடுத்த வருஷம் விண்ணப்பியுங்கள் என்றுதான் வாயில் வந்தது.

"அடுத்த வருஷம் எனக்கு உதவாது" என்றார். கணவர் நகரத்தின் நடுவில் நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படிக்கிறார், இன்னும் மூன்றே வருஷம்தான் இந்த ஊரில் இருக்க முடியும். ஊரில் இரண்டு மொழியிலும் பாடம் நடத்தும் பள்ளி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி வந்தால் அங்கே கணித ஆசிரியை வேலை. அதனால்தான் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். இந்த செப்டம்பரில் இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தால் முடித்துவிடலாம். இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

போகும்போது கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீங்க எங்கே படிச்சீங்க, மேடம்?" என்று கேட்டார். இந்தியாவில் என்றேன்.

"உங்க பட்டத்தை இங்கே அப்படியே ஏத்துக்கிட்டாங்களா?"

"ஆமாம்" என்றேன்.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எழுதிய தாள் கவுண்ட்டரிலேயே கிடந்தது.

சாயங்காலம் சமைத்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னேன்.

"தப்பு பண்ணிட்டேன்னு தோணுதுங்க."

"தோணுதா, நிச்சயமா தெரியுமா?" என்றார் அவர். இன்ஜினியர் இல்லையா?

"இன்னும் நிச்சயமாத் தெரியாது."

"முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ. தப்பாவே இருந்தாலும், நீயே போய்ச் சொன்னா உனக்குக் குடுத்த டெஸ்க்கைத் திரும்ப வாங்கிப்பாங்க. அதையும் யோசிச்சுக்கோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் உன் ஃபைலை ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துல மூடினப்போ நீ இருந்த இருப்பை நான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேருந்து ஏறி, மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பிரெஞ்சுப் பிரிவினைவாதிகள் ஆட்களைக் கடத்தியதால், முந்தின அக்டோபரில்தான் இந்த ஊர்த் தெருக்களில் ராணுவம் நின்றிருந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஆங்கிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருத்தி வந்து, ஓட்டை பிரெஞ்சில் பாடம் கேட்டால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்தான். என்னைப் போலவே அங்கே வெளிநாட்டு ஃபைல் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். தயங்கித் தயங்கி நான் கேட்டு முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார். ப்ரொபட்வாரை நான் என்னவென்று புரிந்துகொண்டேன் என்று சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரெஞ்சு முறையில் பன்னிரண்டுக்கு மேல் என்றால் நல்ல மாணவர். பதினான்கு என்றால் மிக நல்ல மாணவர். பதினாறை அவரே எப்போதாவதுதான் பார்த்திருக்கிறாராம். பதின்மூன்று என்பது இங்கே எண்பதுக்கு மேல்.

பட்டியலின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, "நல்லவேளை, வந்தீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் நினைத்துக்கொண்டேன். நம்மூர் அறுபது சதவீதத்துக்குச் சீட்டு எழுதிச் செருகியவள் நான். நம் பிள்ளைகளின் மார்க்கை வெள்ளைக்காரர்கள் தப்பாகப் படிக்கிறார்கள் என்று கோபப்பட்டவள். இன்னொரு நாட்டு மார்க்கை நான் எப்படிப் படிக்கிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக, அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த ஃபைல்களில் பிரெஞ்சு முறையில் மார்க் இருந்தவற்றை எடுத்தேன். இந்தப் பெண்ணுடையதைச் சேர்த்து நான்கு. நான்கையும் இதே கணக்கில்தான் தள்ளியிருந்தேன். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனேன். பேருந்திலேயே எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டதால், மனசு தெளிவாக இருந்தது.

"நான்கு பேரைத் தப்பாகத் தள்ளியிருக்கிறேன்" என்றேன். பட்டியலைக் காட்டி விளக்கினேன். அவர் நான்கு ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதை வேற யாராவது கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"அந்தப் பெண்தான் கண்டுபிடிச்சார். நான் போய் உறுதி பண்ணிக்கிட்டேன்."

"சரி. உட்கார்ந்து நாலு பேருக்கும் கடிதம் அடிங்க. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுங்க" என்றார். பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மூணு மாசத்துக்கு உங்க குறிப்பு எல்லாத்தையும் நான் ஒருமுறை பார்ப்பேன்" என்றார். அதாவது என் முதலெழுத்துகளுக்கு மூன்று மாதம் மதிப்பில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நியாயம்தான் என்று ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பெண்ணின் விஷயம் கடிதத்தோடு முடிகிறதாக இல்லை. இரண்டாம் வருஷத்தில் சேர்க்கக் கணிதத் துறை சம்மதிக்க வேண்டும். இந்தப் படிப்பு முறையே தெரியாத பேராசிரியர், நேரில் பார்த்துச் சோதித்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். வெள்ளியோடு அந்த வருஷச் சேர்க்கை முடிகிறது. அன்று செவ்வாய். தபால் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று சந்தேகம். விண்ணப்பத்தில் தொலைபேசி எண் இல்லை. வேலை செய்யும் இடம் என்று டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றின் விலாசம் இருந்தது.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டோர்வலுக்குப் போனேன். சமையற்கூட வாசலில் காத்திருந்தேன். தலையில் வலைத்தொப்பியும் கையில் ரப்பர் உறையுமாக அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

"நான் செஞ்சது தப்பு. நாளைக்குப் பத்து மணிக்குக் கணிதத் துறையில உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. சோதனை வைப்பாங்க" என்றேன்.

"எந்தப் பாடம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கணக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் யோசித்து, "சரி, வந்துடறேன்" என்றார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தப் பொய்யோடு திரும்ப எனக்கு மனசு வரவில்லை. "அன்னிக்கு என் பட்டத்தை ஏத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன் இல்லையா? ஏத்துக்கலை. ஒரு வருஷம் குறைச்சலுன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

"தெரியும். நீங்க ரொம்பச் சீக்கிரமா ஆமாம்னு சொன்னீங்க" என்றார். பிறகு ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் ஃபைலுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்க ஃபைலுக்காக எங்கேயாவது போனீங்களா?"

நான் போகவில்லை. ஒரு ஆள் ஐந்து நிமிஷத்தில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் நான். அவரோ நாலாம் நாளே கவுண்ட்டருக்கு வந்து, யார் படித்தது என்று கேட்டவர்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். பேராசிரியரின் அறைக்குள் போய் ஐம்பது நிமிஷம் ஆனது. நான் வேலைக்கு நடுவில் இரண்டு முறை அந்தத் தாழ்வாரத்தில் நடந்துவிட்டு வந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த பேராசிரியர் என்னைப் பார்த்து, "இரண்டாம் வருஷம்னு எழுதிக்கோங்க. ஆனா அதுல ஒரு பாடத்தை இவங்க படிக்க வேண்டியதில்லை. உட்கார வச்சா தூங்கிடுவாங்க" என்றார். பின்னால் வந்த அந்தப் பெண் சிரிக்காமல் நிற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் சேர்ந்தார். மற்ற மூவரில் ஒருவர் செனகலிலிருந்து, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாக நல்லவிதமாகவே பதில் எழுதினார். ஒருவர் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார். மூன்றாமவருக்கு அனுப்பிய கடிதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வாரத்தில் ஒரு மதியம் நானும் அவரும் கான்டீனில் உட்கார்ந்து, கேமரூன் பள்ளிக்கூட முறையைப் பற்றி எழுதினோம். கிழக்குக்கு ஒரு பகுதி, மேற்குக்கு ஒரு பகுதி, எப்படி இப்படி ஆனது என்ற சரித்திரம் ஒரு பகுதி. நான் கொண்டுபோகும் எலுமிச்சை சாதத்தை அவர் விரும்பிச் சாப்பிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் குறுக்கே கேள்வி கேட்பேன். இது எங்க பி.யூ.சி. மாதிரியா, இந்தப் பரீட்சையில் தவறினால் திரும்ப எழுதலாமா என்று. ஆறு பக்கம் வந்தது. மேலதிகாரி படித்துப் பார்த்து, கையேட்டில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு கானா, தான்சானியா, நைஜீரியா என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அங்கே படித்த மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து எழுத ஆரம்பித்தேன். தான்சானியாவில் ஆரம்பப் பள்ளியைச் சுவாஹிலியிலேயே நடத்துகிறார்கள் என்று ஒரு மாணவர் பெருமையோடு சொன்னபோது, தமிழில் படித்த என் பள்ளிக்கூடத்தைப் பற்றி நானும் முதல்முறையாக அதே பெருமையோடு அவரிடம் பேசினேன்.

என் சொந்த ஃபைலையும் நான் எடுத்தேன். பி.யூ.சி. என்றால் என்ன, எங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன பாடம், எத்தனை மணி நேரம் என்று நாலு பக்கம் எழுதி, அதே அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்தேன். இந்த முறை, யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தேன். எட்டு மாதம் ஆனது. என் எம்.எஸ்சி. எம்.எஸ்சி.யாகவே திரும்பி வந்தது. அதற்குள் பள்ளிக்கூட வேலை மேல் இருந்த ஆசை போய்விட்டது. அந்த மேஜையையே என் தொழிலாக வைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்போது அந்தப் பிரிவுக்கே தலைவியாக இருந்தேன்.

அவர் 1974-இல் பட்டம் வாங்கினார். அதே வருஷம் கணவரோடு ஊர் திரும்பினார். அந்த இரண்டு மொழிப் பள்ளியில் சேர்ந்ததும் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். காலையில் ஒரு வகுப்புக்குப் பிரெஞ்சிலும், அடுத்த வகுப்புக்கு ஆங்கிலத்திலும் அதே கணக்கை நடத்துவதாகவும், இரண்டு வகுப்பும் ஒரே இடத்தில்தான் தப்புச் செய்வதாகவும்.

எத்தனையோ ஃபைல்களை என் வாழ்நாளில் சரியாகப் படித்திருக்கிறேன். அவையெல்லாம் நினைவில் இல்லை. நான் தப்பாகப் படித்த ஒருவரைத் தேடிக்கொண்டு டோர்வலுக்குப் பேருந்து ஏறிய அந்தப் புதன்கிழமையைத்தான், என் வேலையை நான் உண்மையில் தொடங்கிய நாளாக இன்றும் எண்ணிக்கொள்கிறேன்.